கன்னத்தில் பிடிக்கும், கையில் பிடிக்காது

மலேசியாவில், லாபிஸ் ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள சாப்பாட்டுக் கடையில், பரோட்டா போல மாவை வீசி ரொட்டி சானாய் போடுகிறவர் நவ்சாத். பள்ளியில் படித்த காலத்திலேயே அவருடைய இடது கன்னத்தில் ஒரு வெண்திட்டு வந்தது. பிறகு அது வளரவும் இல்லை, குறையவும் இல்லை. முகம் மழிக்கும்போதுகூட அவர் அதைக் கவனிப்பதில்லை.

நாற்பதைத் தாண்டி விரல்களில் வெள்ளை படர்ந்தபோதுதான் கலங்கிப்போனார். மாவை வீசும் கையைத்தானே எல்லாரும் பார்க்கிறார்கள். ஒருநாள் புதிதாக வந்த ஒரு பெண், ரொட்டியைத் தொடாமல் தேநீரை மட்டும் குடித்துவிட்டுப் போனாள். கையுறை போட்டுப் பார்த்தார். மாவின் பதம் பிடிபடவில்லை.

தொடையிலிருந்து மெல்லிய தோலை எடுத்து, அதிலுள்ள நிறச் செல்களை வெள்ளையான இடத்தில் பதிக்கும் சிகிச்சை இருப்பதாகக் கேள்விப்பட்ட அவருடைய மனைவி ஷஹீரா, அவரை ஜொகூர் பாருவில் தோல் மருத்துவர் பிரேமலாவிடம் அழைத்துப் போனாள்.

"புதுசா எங்கயாச்சும் வந்திருக்கா?" என்று கேட்டார் டாக்டர்.

நவ்சாத் மணிக்கட்டைக் காட்டினார். நோன்பு மாதத்தில் எண்ணெய் தெறித்த புண் ஆறி, வெள்ளையாகியிருந்தது.

"கன்னத்துல ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கு, பல வருஷமா அசையல. அங்க செஞ்சா நல்லா பிடிக்கும்னு நம்பலாம். கை அப்படி இல்ல. காயம் பட்ட இடம் வெள்ளையாகுதுன்னா நோய் இன்னும் அடங்கல. விரல்ல எப்பவுமே பிடிக்கிறது கஷ்டம்."

"கன்னத்த யாரு பாக்குறா டாக்டர்? கைக்குத்தான் வந்தேன்."

நோயை அடக்க நவ்சாத் முதலில் மருந்தும் ஒளி சிகிச்சையும் எடுத்துக்கொண்டார். ஒரு வருடம் புதிதாக எதுவும் வராததால், ஒரு விரலில் மட்டும் சிறிதாகச் செய்து பார்க்க டாக்டர் சம்மதித்தார். சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது ஓரத்தில் இரண்டு பழுப்புப் பொட்டுகள் இருந்தன. மற்றதெல்லாம் வெள்ளைதான்.

"கன்னத்துக்குச் செய்யணும்னா எப்ப வேணும்னாலும் வாங்க," என்றார் டாக்டர்.

திரும்பும் வழியில் நவ்சாத்தான் காரை ஓட்டினார். குளுவாங் ஊரைத் தாண்டியதும் கேட்டார்: "கன்னத்துக்காச்சும் செஞ்சுக்கவா?"

ஷஹீரா அவர் முகத்தைப் பார்த்தாள். "செய்யணும்னு ஆசைன்னா செய்ங்க. எனக்கு அது இல்லாத முகம் தெரியாது லா."

அவர் செய்துகொள்ளவில்லை. இப்போது புதிதாக வருகிறவர்கள் கையைப் பார்த்துத் தயங்கினால், "ஒட்டிக்கிற நோய் இல்லங்க, நெறம் போயிருச்சு, அவ்வளவுதான்," என்று அவரே முந்திக்கொண்டு சொல்கிறார். அதை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருப்பதில் அவருக்கு வருத்தம் இல்லாமல் இல்லை.