பெரிய வெள்ளியில் ஒரு பிறந்தநாள்

மனைவிக்கு என் அருமை தெரிய வேண்டும் என்பதற்காக நாடு விட்டு நாடு போனவன் நான். வெளியே சொல்லும்போது தொண்டூழியம் என்று சொல்லிக்கொண்டேன். இரண்டுமே பொய்யில்லை. மலேசியாவில் ஈப்போ நகரத்து மருத்துவமனை ஒன்றில் கட்டில், ஸ்ட்ரெச்சர், சக்கர நாற்காலி எல்லாம் பழுதுபார்க்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அதன் பிறகு வீட்டைப் பழுதுபார்க்க ஆரம்பித்தேன். குழம்பில் உப்பு, சமையலறை அலமாரியில் டப்பாக்கள் நிற்கும் வரிசை, கொடியில் துணி காயப்போடும் முறை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. ஒருநாள் அவள் ஈரத்துணியைக் கையில் பிடித்தபடியே, "எங்கயாச்சும் போய் யாருக்காச்சும் உபயோகமா இருங்களேன்" என்றாள். பக்கத்துக் கோயிலில் அன்னதானத்துக்குப் பரிமாறப் போகச் சொன்னாள் என்றுதான் நினைக்கிறேன். நான் ஹைதராபாத்துக்கு டிக்கெட் போட்டேன்.

போவன்பள்ளியில் காய்கறிச் சந்தைக்குப் பின்னால் ஒரு சிறிய அறக்கட்டளை பட்டறை நடத்தி வந்தது. பழைய சக்கர நாற்காலிகளை வாங்கிச் சரிசெய்து இல்லாதவர்களுக்குக் கொடுப்பார்கள். மூன்று மாதம் அங்கே வேலை. அதன் செயலாளர் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை. சிகந்திராபாத்தில் அவர் வீட்டு மாடியறையில்தான் தங்கினேன். தாத்தா காலத்திலேயே திருநெல்வேலியிலிருந்து வந்து அங்கேயே ஊன்றிவிட்ட கிறிஸ்தவக் குடும்பம். அவரை அக்கா என்றும், மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவர் கணவரை அண்ணன் என்றும் கூப்பிட்டேன். அக்கா இருக்கும் இடத்தில் அண்ணன் அதிகம் பேசமாட்டார். பேசினால் பாதி இந்தியாக இருக்கும்.

கிளம்பும்போது விமான நிலையத்தில் மனைவியிடமும் மகனிடமும் ஒரு சின்னப் பேச்சு பேசினேன். "என் பிறந்தநாள் அன்னிக்கு யாரும் போன் பண்ண வேணாம். நான் சேவைக்குப் போறேன், கொண்டாட்டத்துக்கு இல்ல" என்றேன். அது எப்படிப்பா என்று மகனாவது கேட்பான், இவள் கண்ணையாவது துடைப்பாள் என்று காத்திருந்தேன். அவள் சரி என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் என் பேச்சைக் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

கொண்டாட்டம் வேண்டாம் என்று சொன்ன அதே நான்தான் பெட்டியின் அடியில், எங்கள் ஊரில் விசேஷத்துக்குப் போடும் பாத்தேக் சட்டை ஒன்றைப் புதிதாக மடித்து வைத்துக் கொண்டுபோனேன். மயில் நீலத்தில் பெரிய பெரிய பூப்போட்டது. பிறந்தநாள் நெருங்கியபோது பொறுக்க முடியாமல் அக்காவிடம் போய், "அடுத்த வெள்ளிக்கிழமை எனக்குப் பிறந்தநாளுக்கா. யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றேன். இதை எதற்காகச் சொல்வோம் என்று உங்களுக்கே தெரியும்.

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. "பெரிய வெள்ளியா தம்பி? அன்னைக்கா பொறந்தீங்க?" என்றார், நான் கொஞ்சம் முயன்றிருந்தால் தவிர்த்திருக்கலாம் என்பதுபோல.

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான தபசு காலம் நடந்துகொண்டிருந்தது. அது முடியும்வரை வீட்டில் கறி கிடையாது, விசேஷம் கிடையாது. டிவிக்கு மேல் ஒரு துணியைப் போட்டு மூடியிருந்தார்கள். நான் அதைத் தூசிக்காக என்று நினைத்திருந்தேன். பெரிய வெள்ளி என்றால் ஆண்டவர் சிலுவையில் மரித்த நாள். அன்றைக்கு அந்த வீட்டில் வாழ்த்து என்ற பேச்சே எடுக்கக் கூடாது. "ஞாயித்துக்கிழமை ஈஸ்டர். கேக், பிரியாணி எல்லாம் அன்னைக்கு வச்சுக்கிடுவோம். நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீங்க" என்றார் அக்கா. நான் மனசில் வைத்துக்கொண்டேன்.

யாரிடமும் சொல்லாதீர்கள் என்று நான் கேட்டுக்கொண்டதை அக்கா அட்சரம் பிசகாமல் நிறைவேற்றினார். அதற்கும் ஒரு படி மேலே போய், மற்றவர்களும் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டார். பட்டறையில் வெல்டிங் செய்பவரிடம் நானே ஜாடையாகச் சொல்லி வைத்திருந்தேன். வியாழக்கிழமை அவர் என் கையைப் பிடித்து, "ஸாப், நாளைக்கு உங்களுக்கு..." என்று ஆரம்பித்தார். அறைக்குள்ளிருந்து அக்கா இருமினார். "நாளைக்கு லீவு ஸாப்" என்று முடித்துவிட்டு அவர் முகமூடியை இறக்கிக்கொண்டார். அவர் முஸ்லிம். அவருக்கும் பெரிய வெள்ளிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அக்கா பேச்சை மீற அங்கே ஆள் கிடையாது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. போனைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. குளித்துவிட்டுப் பாத்தேக் சட்டையைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். வெள்ளைப் புடவையில் நின்ற அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். அண்ணன் மெதுவாக, "நக்கோ தம்பி, இது வேண்டாம்" என்று சொல்லித் தன்னுடைய வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். அவர் என்னைவிட ஒரு சுற்றுப் பெரியவர். தோள்பட்டை முழங்கைக்குப் பக்கத்தில் தொங்கியது. பிறந்தநாளும் அதுவுமாக இரவல் சட்டையில் துக்கத்துக்குப் புறப்பட்டேன்.

எங்கள் குலத்தில் யாரும் கோவில் விசேஷம் தவிர மூன்று மணி நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்ததில்லை. அங்கேயும் நடுநடுவே பிரசாதம் வரும். இங்கே சர்ச்சில் மதியம் பன்னிரண்டுக்குத் தொடங்கிய மும்மணி ஆராதனையில், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றி ஏழு பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து பேசினார்கள். சித்திரை வெயில் ஓட்டுக்கூரையைப் பிடித்து உலுக்கியது. நாலாமவர் பேசும்போது என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. வீட்டிலிருந்துதான் என்று முடிவே கட்டிவிட்டேன். பக்திமான்போல் தலையைக் குனிந்து திருட்டுத்தனமாக எடுத்துப் பார்த்தேன். என் டேட்டா தீரப்போகிறதாம், உடனே ரீசார்ஜ் செய்ய வேண்டுமாம். ஐந்தாமவர் தாகத்தைப் பற்றி மிக உருக்கமாகப் பேசினார். அந்த ஒரு பேச்சு மட்டும் எனக்கு முழுதாகப் புரிந்தது.

முடிந்ததும் சர்ச் வளாகத்தில் பந்தலுக்குக் கீழே கஞ்சி ஊற்றினார்கள். பூண்டும் வெந்தயமும் போட்ட கஞ்சி, தொட்டுக்கொள்ளத் துவையல். அக்காதான் வாளியோடு வந்தார். எனக்கு முன்னால் நின்று அக்கம்பக்கம் பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றினார். துவையலையும் இன்னொரு உருண்டை வைத்தார். அதுதான் எனக்குக் கிடைத்த வாழ்த்து என்று தெரிந்துகொண்டு குடித்தேன். பசிக்கு அமிர்தமாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சாயந்தரம் வீட்டு முற்றத்தில் மூவரும் உட்கார்ந்திருந்தபோது மகனிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. "அம்மா போன் பண்ணக் கூடாதுன்னுட்டாங்க. போட்டோ அனுப்பலாம்லப்பா?" என்று கீழே எழுதியிருந்தான். எங்கள் வீட்டுக் கூடம். மச்சினன்மார், அவர்கள் பிள்ளைகள், பக்கத்து வீட்டுச் சீன அம்மா, பூப்பந்து ஆடும் என் கூட்டாளிகள் என்று நிற்க இடமில்லாத கூட்டம். எல்லார் முகத்திலும் அப்படி ஒரு சிரிப்பு. மேசையில் கேக். பிறந்தநாள்காரன் இல்லாத குறை தெரியக் கூடாது என்று எவனோ ஒரு புண்ணியவான் என் போட்டோவைச் சட்டத்தோடு கழற்றி வந்து கேக்குக்குப் பின்னால் நிறுத்தியிருந்தான். இரண்டு பக்கமும் மெழுகுவத்தி. யாரோ பூவும் வைத்திருந்தார்கள். மாலை ஒன்றுதான் பாக்கி.

அக்கா எட்டிப் பார்த்துவிட்டு மார்பில் கை வைத்தார். "ஐயோ இயேசப்பா! யாரு தம்பி எறந்துட்டா?"

"நான்தான்க்கா."

அக்கா இன்னொரு முறை உற்றுப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குச் சிரிக்கவும் கூடாது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "போன் பண்ணுங்க தம்பி. வீட்டுக்குப் போன் பேசுறதுக்கு இன்னைக்குத் தடை ஒண்ணும் இல்ல" என்றார்.

ஈப்போவில் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முந்தி ஓடும். அங்கே கூட்டம் கலையட்டும் என்று கௌரவத்துக்காகக் கொஞ்ச நேரம் பொறுத்தேன். பிறகு கூப்பிட்டேன். அவள் எடுத்ததுமே, "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"கஞ்சி குடிச்சேன்."

"ஏன், ஒடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கேன். அங்க கூட்டம் பலமோ?"

"ஆமாங்க!" அந்த உற்சாகம் எனக்குப் பிடிக்கவில்லை. "என் தம்பிதான் பாட்டுப் பாடிப் பாடி எல்லாரையும் ஆட வச்சான். மீகூன் பத்தல, திரும்ப ஒரு சட்டி பிரட்டுனேன். இப்பத்தான் எல்லாரும் போனாங்க. நீங்க இருந்தா ஒன்பது மணிக்கே கொட்டாவி விட்டு அனுப்பிச்சிருப்பீங்க."

மறுக்க முடியாது. எல்லா வருஷமும் அதைத்தான் செய்திருக்கிறேன். இத்தனை தூரம் வந்து, இரவல் சட்டையில் மூன்று மணி நேரம் வியர்த்து, கடைசியில் நான் இல்லாத என் பிறந்தநாள்தான் எல்லாவற்றிலும் நன்றாக நடந்திருக்கிறது. போனை மறு காதுக்கு மாற்றினேன். கோபம் என்று நினைத்தேன். கோபம் இல்லை.

"அப்ப, நான் இல்லாத குறையே யாருக்கும் தெரியலன்னு சொல்லு" என்றேன், விளையாட்டாகக் கேட்பதுபோல.

பாத்திரம் உருளும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, நின்றது.

"வந்தவங்க யாருக்கும் தெரியலங்க" என்றாள். பிறகு, "எல்லாரும் போனப்புறம் ஒரு வாய் பாயசம் எடுத்துக் குடிச்சேன். நல்லா இருக்கா இல்லையான்னே தெரியல. சொல்றதுக்கு ஆள் இல்லையே" என்றாள்.

இந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் கடல் தாண்டி வந்தேன். கேட்ட பிறகு என்ன செய்வது என்று யோசித்து வைத்திருக்கவில்லை. கண்ணைத் துடைத்தேன். எதிரில் அக்கா கைகூப்பினார். பெரிய வெள்ளி என்னையும் தொட்டுவிட்டது என்று நினைத்திருப்பார்.

"சர்க்கரை கம்மியா இருந்திருக்கும்" என்றேன்.

"ஆமாங்க," என்றாள். "கம்மிதான்."