வெள்ளிக்கிழமை நினைவூட்டல்

லண்டன் குரோய்டனில் ஒரு தொண்டு நிறுவனத்தின் மின்னஞ்சல் சர்வரைக் கவனித்துக்கொண்டவர் அவர். உயரமான, மெலிந்த யாழ்ப்பாணத்துக்காரர். சர்வர் அறையின் குளிருக்காகப் போட்ட கம்பளித் தொப்பியை எங்கேயும் கழற்ற மாட்டார். யாருக்குப் புதிய கணக்குத் திறந்தாலும் தானே ஒரு மெயில் அனுப்பிவிட்டு, மாடியேறி வந்து "வந்ததோ?" என்று நேரில் கேட்பார். என்னிடமும் கேட்டார்.

லைசென்ஸ் கட்டணம் கட்டுப்படியாகாமல், பழைய சர்வரை விட்டு இலவசமான ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கு மாற நிறுவனம் முடிவெடுத்திருந்தது. அந்த வேலைக்காகத்தான் நான் சென்னையிலிருந்து வந்திருந்தேன்.

மாற்றும் நாளன்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தம்பி, கலண்டரும் வருமோ?"

"மெயில் எல்லாம் வந்துடும்ணா. காலண்டர் மட்டும் வராது. அதோட ஃபார்மட் வேற."

"என்ர மனுசியும் இஞ்சதான் வேலை செய்தவ. எனக்கு ஒரு நினைவூட்டல் போட்டு வைச்சவ. வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலை முடியிற நேரம் 'வீட்டுக்கு வெளிக்கிடுவம், வாங்கோ' எண்டு திரையில வரும். அவ செத்துப்போன பிறகும் அது வந்துகொண்டுதான் இருக்கு."

நான் விசைப்பலகையை என் பக்கம் இழுத்தேன்.

"புதுசுல நானே அதைப் போட்டுத் தர்றேண்ணா."

"வேண்டாம். அது நீங்கள் கூப்பிடுற மாதிரியெல்லோ இருக்கும்."

அந்த நினைவூட்டலுக்காகப் பழைய இயந்திரத்தை ஒரு மூலையில் ஓடவிட்டிருந்தால் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். அறையின் சாவியும் அவரிடம்தான் இருந்தது. ஆனால் எல்லோருடைய மெயிலும் வந்து சேர்ந்ததும் அவரே அதை அணைத்தார். இரைச்சல் நின்று வெகுநேரமாகியும் அதன்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. ஏன் அணைத்தார் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை எனக்குப் புரியவும் இல்லை.