அரிசிப் பைக்குள் ஒரு பிரெஞ்சுப் புத்தகம்

சிவப்பரிசிப் பையைப் பிரிக்கும்போது எழுகிற தவிட்டு மணம் மற்றவர்களுக்குப் பசியைக் கிளப்பும். எனக்கு இன்றைக்கும் பையை உடனே இறுக்கிக் கட்டத் தோன்றும். லண்டன் வெம்பிளியில் எங்கள் இரண்டாம் மாடி வீட்டுச் சமையலறையில், எங்கள் "குசினி"யில், அந்த அரிசிக்குள்தான் அப்பாவின் பிரெஞ்சுப் புத்தகம் ஒளிந்திருந்தது.

அப்பா பாரிசில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டே பிரெஞ்சு படித்தவர். மூன்று வயதில் அங்கே போன எனக்கு, ஏழு வயதில் லண்டன் வந்தபோது தமிழைவிட அந்த மொழிதான் சரளம். ஆனால் இங்கே கொடுத்த அகதி "கேஸ்"படி நாங்கள் ஊரிலிருந்து நேரே வந்தவர்கள். பிரான்சில் இருந்தது தெரிந்தால் அங்கே திருப்பி அனுப்புவார்கள். அங்கேயோ எங்களை ஏற்கெனவே நிராகரித்தாயிற்று, அடுத்தது சண்டை நடக்கும் ஊருக்கே அனுப்புவார்கள். அம்மா என் சட்டைகளின் "லேபிள்"களை வெட்டினார், பள்ளிக்கூடக் கொப்பிகளைக் கிழித்தார், என் வாயைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. "நன்றி சொல்ல ஒரு 'மெர்சி' வந்தாலும் எல்லாம் முடிஞ்சுது, பிள்ளை," என்பார். புத்தகத்தை மட்டும் அப்பா எறிய விடவில்லை.

மனிதன் ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே இருப்பான், உலகம் வாயே திறக்காது, அந்தப் பொருத்தமில்லாத கூத்துக்குள்ளேயும் மகிழ்ச்சியாக வாழலாம், அநியாயத்துக்கு மட்டும் தலையாட்டக் கூடாது. அந்தப் புத்தகத்தை எழுதிய பிரெஞ்சுக்காரர் சொல்வது இதுதான் என்று அப்பா அரிசி களைந்தபடி விளக்குவார். "பதில் கிடைக்காட்டிலும் சந்தோசமா இருக்க ஏலும், பிள்ளை. பொய்யோடைதான் ஏலாது." எனக்கோ பயத்தில் ஒன்றும் ஏறாது, கீழே கார்க் கதவு சாத்தினாலே ஓடிப்போய் அரிசிப் பையைக் கட்டுவேன்.

ஒருநாள் காலை ஒரு பெண் அதிகாரியும் மொழிபெயர்ப்பாளரும் வந்தே விட்டார்கள். அப்பா வாசித்துக்கொண்டிருந்த புத்தகம் சோபாவில் கிடந்தது. நான் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். முன்பு எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய் என்று அந்த அதிகாரி சிரித்தபடி என்னைக் கேட்டார். நாக்கு நுனியில் வந்து நின்றதெல்லாம் பிரெஞ்சு. பல்லைக் கடித்துக்கொண்டேன். எனக்குக் கீழே எல்லாம் நனைந்துபோனது.

"இவ ஊரிலைதான் படிச்சவ," என்றார் அப்பா, நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

அவர்கள் போனபின் அப்பா ஈரப் புத்தகத்தைத் துடைத்துக் காயவைத்து, அரிசிக்குள் வைத்துக் கட்டினார். அதற்குப் பிறகு அவர் சந்தோசத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

விசா கிடைத்து, அம்மாவும் காலமாகி, இப்போது அந்தப் புத்தகம் வரவேற்பறையில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. போன மாதம், கண் மங்கிவிட்ட அப்பா அதை என்னிடம் தந்து, "கடைசிப் பக்கத்தை ஒருக்கா வாசி, பிள்ளை," என்றார். ஊறி உப்பிய தாள்களிலிருந்து தவிடு உதிர்ந்தது. எழுத்துகள் தெரிந்தன, ஒரு வரியும் விளங்கவில்லை. அன்று பல்லுக்குள் பூட்டிய மொழி அங்கேயே செத்துப் போயிருந்தது.

"மறந்துபோச்சு, அப்பா."

"ஓம்," என்றார். "மறக்கச் சொன்னது நாங்கள்தானே."

வாசல் மணி அடித்தது. அப்பா மெல்ல எழுந்துபோய், ஏதோ பார்சலை வாங்கிக்கொண்டு திரும்பியபோது, நான் புத்தகத்தின்மேல் உட்கார்ந்திருந்தேன்.