ஏழுமலையின் காலும் என் ஆங்கிலமும்

உடம்பால் உழைக்கிறவர்களுக்குச் சாயங்காலம்தான் இடுப்பு வலிக்கும். அவர்கள் உழைப்பதை ஆங்கிலத்தில் எழுதுகிறவனுக்குக் காலையிலேயே வலிக்க ஆரம்பித்துவிடும். ஃபைலோடு மல்லுக்கட்டும் அன்பர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும். 1991இல் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில், இரும்புத் தகட்டை அழுத்தி வண்டிப் பாகங்கள் செய்யும் சின்னத் தொழிற்சாலை ஒன்றில் நான் கிளார்க். எங்களிடம் சரக்கு வாங்கும் பெரிய கம்பெனிக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. ஒவ்வொரு தொழிலாளியும் செய்யும் ஒவ்வொரு அசைவையும் ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டுமாம். பி.ஏ. படித்த பாவத்துக்கு அது என் தலையில் விழுந்தது.

“அவங்க இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டா உன் வேலை பர்மனென்ட். இல்லேன்னா வேற இடம் பாத்துக்கப்பா” என்றார் முதலாளி.

தள்ளிப் பார்த்த கதை

தகட்டு வண்டியை நகர்த்துவது ‘புஷ்’ஷா, ‘மூவ்’வா, ‘ரோல்’லா? அகராதி கையை விரித்துவிட்டது. நாமே தள்ளிப் பார்த்தால் வார்த்தை தானாக வரும் என்று நம்பி, மூன்றையும் முணுமுணுத்துக்கொண்டே வண்டியை இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாகத் தள்ளினேன். சட்டையெல்லாம் கிரீஸ் ஆனதுதான் மிச்சம்.

தகட்டை அழுத்தும் பிரஸ் மிஷினை ஓட்டும் ஏழுமலை கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். குன்றத்தூர்க்காரர். சிரிக்காமலே கிண்டல் செய்வதில் மன்னன்.

“சார், நீ தள்ளிக்கினே இரு. நான் போய் இங்கிலீஷ் எய்தறேன்.”

உட்காரும் விதம்

பேக்கிங்கில் இருந்த பெண்கள் தரையில் குத்துக்காலிட்டுத்தான் வேலை செய்வார்கள். அதற்கும் ஆங்கிலத்தில் ‘ஸ்குவாட்’ என்று ஒரு சொல் இருக்கிறது. பெண்களைப் பற்றி எழுத அது மரியாதையாக இருக்காது என்று எனக்குப் பட்டதால், நாகரிகமாக ‘சிட்’ என்று போட்டு அனுப்பினேன். ‘எதன் மேல்?’ என்று பெரிய கம்பெனியிலிருந்து கேள்வி வந்தது. முதலாளி என்னை முறைத்துக்கொண்டே போய் நாற்காலிகள் வாங்கிப் போட்டார்.

மறு வாரம் எட்டிப் பார்த்தேன். நாற்காலிகளின் மேல் சாப்பாட்டுக் கூடைகள் சௌகரியமாக அமர்ந்திருந்தன. பெண்கள் பக்கத்திலேயே பழையபடி குத்துக்காலிட்டு வேலை செய்துகொண்டிருந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர்களில் மூத்தவரான முனியம்மாள்தான் ஆறுதல் சொன்னார்.

“நாக்காலி சோக்கா கீது சார். சோத்துல எறும்பே ஏறல.”

எழுத வராத அசைவு

ஏழுமலையின் வேலையில் இரண்டு அசைவுகள் என்னைப் படாதபாடு படுத்தின. தகடு அடுக்கும் ஸ்டாண்டு பிரஸ்ஸோடு ஒட்டி நிற்பதற்காக, அதைக் குதிகாலால் ஓர் இடி இடிப்பார். உடனே குனிந்து பிரஸ்ஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஆயுத பூஜையில் வைத்த குங்குமம் காயாத மிஷின், அதன் ஸ்டாண்டின் மேல் கால் பட்டுவிட்டதே! முதல் அசைவை ‘காலால் தள்ளு’ என்று ஒருவழியாக ஆங்கிலப்படுத்திவிட்டேன். இரண்டாவதற்கு என்ன எழுதுவது? தொடுவது மட்டுமா அது? கும்பிடுவது என்றால் கோயில் ஆகிவிடும். பேசாமல் அதை விட்டுவிட்டு, “இன்ஸ்பெக்டர் முன்னால அதை மட்டும் பண்ணாதீங்க” என்று ஏழுமலையிடம் கெஞ்சினேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். தாளைப் பார்த்து ஒவ்வொரு அசைவாகச் சரிபார்த்தார். ஏழுமலை ஸ்டாண்டை இடித்தார். பிறகு அப்படியே நின்றுவிட்டார். தாளில் அடுத்தது ‘தகட்டை உள்ளே வை’. அவர் கையோ அசையவில்லை.

“ஏன் நிக்கறீங்க?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“கால் பட்ச்சி சார். தொட்டுக் கும்புடாம எப்டி? உள்ள வுடறது என் வெரலாச்சே.”

சொல்லிவிட்டு அவர் தொட்டுக் கும்பிட்டார். தாளில் இல்லாத அசைவு! என் வேலை போயிற்று என்றே முடிவு செய்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். தாள் கைநழுவிக் கீழே விழுந்தது. எடுக்க நகர்ந்தவரின் ஷூ அதன் மேல் பட்டுவிட்டது. சட்டென்று குனிந்து எடுத்தார். இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். ஒற்றிய பிறகுதான் எங்களைப் பார்த்தார். பேனாவை எடுத்து, தாளை என் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

ஏழுமலை வழக்கம்போலச் சிரிக்காமல் இன்ஸ்பெக்டரிடம் கேட்டார்:

“இப்ப நீ பண்ணியே சார், அதுக்கு இங்கிலீஷ்ல இன்னா சார்?”

வேலை நிரந்தரமாகி நான் ரிட்டயரும் ஆகிவிட்டேன். அந்த ஒரு வார்த்தை மட்டும் இன்னும் வேலைக்கு வந்து சேரவில்லை.