பதினோரு பிள்ளைகளுக்கு அம்மா

படப்பிடிப்புக்குப் போனதும் பிரேமாவதி முதலில் கேட்பது ஒரே கேள்விதான். எங்கே நிற்கணும், எதைப் பேசணும் என்பதெல்லாம் அப்புறம். "தம்பி, கடைசியில அந்தப் பிள்ளைக்கு ஒன்னும் ஆயிடாதுல்ல?" ஆகாது என்று இயக்குநர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன பிறகுதான் கைப்பையைக் கீழே வைப்பார். இயக்குநர் என்றதும் பெரிய ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். மீசை அரும்பி இரண்டு வருஷம்கூட ஆகாத கல்லூரிப் பையன், கையில் ஒரு கைப்பேசி, அவ்வளவுதான்.

பிரேமாவதிக்குப் பெண்டாங் என்ற ஊரில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தைக்கிற வேலை. வயது நாற்பத்து நான்கு. கணவர் சுகுமாரன் லாரியோடு தெற்குக் கோடியில் ஜொகூர் வரை போய் வருகிறவர். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். எதிர்வீட்டுக் கவின் முதன்முதலாகக் குறும்படம் எடுக்கக் கிளம்பியபோது, அம்மா வேஷத்துக்கு அவனைப் பெற்றவளே மாட்டேன் என்றுவிட்டாள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பிரேமாவதியிடம் வந்து நின்றான். "சும்மா நின்னா போதும் லா ஆண்டி, பேசக்கூட வேணாம்." அந்தப் படத்தில் அவர் அழுத அழுகையைப் பார்த்துவிட்டு யான், அலோர் ஸ்டார் என்று சுற்று ஊர்களிலிருந்தெல்லாம் பிள்ளைகள் கூப்பிட ஆரம்பித்தார்கள். இதுவரை பதினோரு படம். ஒவ்வொன்றுக்கும் சம்பளம் ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறு, குடிக்க ஒரு தே ஐஸ்.

எல்லாக் கதைகளும் ஒன்றுக்கொன்று உறவுதான். தமிழ்ப் பள்ளியிலிருந்து மலாய்மொழி இடைநிலைப் பள்ளிக்குப் போய் வாயடைத்து நிற்கிற பையன், நிறத்தைச் சொல்லிக் கேலி செய்யப்படுகிற பெண், வீட்டிலும் ஒட்டாமல் வெளியிலும் ஒட்டாமல் அலைகிற இன்னொருத்தன். அம்மாவுக்கு மட்டும் ஒன்றுமே தெரியாது. "சாப்பிட்டியா?" என்பாள், பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பிரேமாவதிக்கு இதில் ஏகக் கோபம். மூட்டையில் ஒரு தையல் விட்டாலே எனக்குத் தெரியும், பெற்றவளுக்குப் பிள்ளையைத் தெரியாதா என்று ஒவ்வோர் இயக்குநரிடமும் சண்டை பிடிப்பார். சண்டை முடிந்ததும், சொன்னபடியே நின்று சொன்னபடியே நடிப்பார்.

அழுவதற்குக் கண்ணில் எதையும் விட்டுக்கொள்வதில்லை. ஒரு நிமிஷம் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்பார். மகள் ரூபினிக்குக் காய்ச்சல் என்று நினைத்துக்கொள்வார்; பிறகு ரூபினி பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டாள்; பிறகு ரூபினியைக் காணோம். மூன்றாவதுக்குப் போவதற்குள் கண்ணீர் வந்துவிடும். இந்த ரகசியத்தை யாரிடமும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்ததும், நினைத்த பாவத்துக்கு, உப்பும் மிளகாயும் எடுத்து மகளுக்குச் சுற்றிப் போடுவார். பதினேழு வயது ரூபினி தலையெழுத்தே என்று நின்றுகொண்டிருப்பாள்.

போன மாதம் அந்த ரூபினியே ஆறு தாள்களைக் கொண்டுவந்து நீட்டினாள். பள்ளிகளுக்கான குறும்படப் போட்டியாம். "மா, நீங்கதான் அம்மா." பிரேமாவதிக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆலையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டுச் சாப்பாட்டு நேரத்தில் தாள்களைப் பிரித்தார்.

மூன்றாவது தாளில், இடைவேளை மணி அடித்ததும் கதையில் வருகிற பெண் உணவுப் பெட்டியோடு பள்ளிக் கழிப்பறைக்குப் போகிறாள். தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். கூட உட்கார ஆள் இல்லை. இரண்டு வருஷமாக இப்படித்தான். பெட்டியில் மீ கோரேங் நூடுல்ஸ், அதன் மேல் வட்டமாக நறுக்கிய வெள்ளரிக்காய். அந்த வெள்ளரிக்காயைத் தினமும் காலையில் நறுக்கி வைப்பது பிரேமாவதிதான். பெட்டி காலியாகத் திரும்பி வருவதைப் பார்த்து, பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று இரண்டு வருஷமும் நம்பியிருந்தார்.

அன்று மாலை, "இது கதைதானே ரூபி?" என்று கேட்டார்.

"எல்லாம் கதைதான்மா."

"கடைசியில அந்தப் பிள்ளைக்கு என்னா ஆவுது?" ஆறாவது தாளோடு கதை பாதியில் நின்றிருந்தது.

"தெரியலமா. இன்னும் எழுதல."

பதினோரு இயக்குநர்களும் கேட்டவுடன் சொன்ன பதிலை மகளால் சொல்ல முடியவில்லை. இன்னும் கேட்டால் பிள்ளை தாள்களைப் பிடுங்கிக்கொண்டு வாயை மூடிவிடுமோ என்று பிரேமாவதிக்குப் பயம். கேட்காவிட்டால் ஏழாவது தாளில் என்ன வருமோ என்று அதைவிடப் பயம். சுகுமாரனுக்குப் போன் செய்தார். சின்னப் பிள்ளை எழுதியதற்கெல்லாமா பயப்படுவது என்று அவர் சிரித்துவிட்டு லாரியை எடுத்துவிட்டார். ஆலையில் ஊசி இரண்டு முறை விரலில் ஏறியது. பள்ளி பஸ் வருகிற நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே முச்சந்தியில் போய் நிற்க ஆரம்பித்தார். பஸ்ஸிலிருந்து ரூபினியின் கால் தரையில் பட்ட பிறகுதான் மூச்சு வரும்.

சனிக்கிழமை மத்தியானம், பள்ளியும் ஆலையும் இல்லாத நாள், வீட்டிலேயே படப்பிடிப்பு. கேமரா கவின் கையில். மகளாக நடிப்பதும் ரூபினிதான், 'கட்' சொல்ல வேண்டியவளும் அவள்தான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா சோற்றுத் தட்டோடு வந்து, "சாப்பிட்டியா?" என்று கேட்க வேண்டும். பதில் வராது. தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். அதோடு ஆறாவது தாள் முடிகிறது.

பிரேமாவதி வழக்கம்போல் சுவர்ப் பக்கம் திரும்பினார். காய்ச்சல், பஸ் என்று வரிசையாக வந்து, மூன்றாவதை நினைக்க மனம் வராமல் நின்றுவிட்டார். கண்ணில் ஒரு பொட்டு நீர் இல்லை. அழ வேண்டாம் ஆண்டி, அப்படியே வாங்க என்றான் கவின்.

வந்தார். கேட்டார். தட்டை வைத்தார்.

போகவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கவின் கேமராவைத் தாழ்த்தாமலே, போகணும் என்று தலையால் ஜாடை காட்டினான். அவர் அவனைப் பார்க்கவே இல்லை. "ரூபி, அம்மா போவல," என்றார். உள்ளேயிருந்து 'கட்' வரவில்லை. பிரேமாவதி குனிந்து, கதவுக்கும் தரைக்கும் இடையிலிருந்த சந்துக்குள் நான்கு விரல்களை நுழைத்து, போகிற மட்டும் நீட்டி, அப்படியே வைத்திருந்தார்.