கயிற்றை அவிழ்க்கச் சொன்னவர்

போன தை மாதம் ஒரு காலை நேரம், கடமலைக்குண்டிலிருந்து தேனி வரும் சாலையில் நடந்தது இது. கிராமத்துப் பெண்களுக்குத் தையல் வகுப்பு எடுப்பது என் வேலை. சிறு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டதால், கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் கார்தான் எனக்குத் தோது. பழைய வண்டிதான். ஆனால் அது வந்த பிறகுதான், "கொஞ்சம் கொண்டுபோய் விடுறீகளா?" என்று யார் முகத்தையும் பார்த்து நிற்காமல் நினைத்த இடத்துக்குப் போக ஆரம்பித்தேன்.

அன்று பாதி வழியில் இன்ஜின் நின்றுவிட்டது. எத்தனை தடவை சாவியைத் திருப்பியும் உயிர் வரவில்லை. எங்கள் பக்கம் வண்டி நின்றுபோனால் ஒரே வைத்தியம்தான்: டிராக்டரைக் கூப்பிடு, கயிற்றைக் கட்டு, இழு. அங்கே தோட்டம் வைத்திருக்கும் என் தம்பி பத்து நிமிடத்தில் டிராக்டரோடு வந்துவிட்டான். நானும் நியூட்ரலில் போட்டுவிட்டு மகாராணி மாதிரி உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம். மனைவியோடு பைக்கில் பின்னால் வந்த ஒருவர் எங்களை முந்திப் போய், டிராக்டருக்குக் குறுக்கே நிறுத்தினார். முப்பது வயதிருக்கும், பட்டு வேட்டி கட்டியிருந்தார்.

"அண்ணே, மொதல்ல கயித்த அவுருங்க! பின்னாடி எழுத்தப் பாத்தேன், இது ஆட்டோமேட்டிக் வண்டி."

"லாரியவே இழுத்த டிராக்டருப்பா இது. கல்யாணத்துக்குப் போறவுகளுக்கு எதுக்கு இந்த வேல?" என்றான் தம்பி.

எனக்கும் எரிச்சல்தான். நானும் வெடுக்கென்று ஏதோ சொல்லிவிட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. தேனியில் கியர்பாக்ஸ் வேலைதான் பார்ப்பதாகச் சொல்லி, கயிற்றைத் தானே அவிழ்த்துவிட்டு, முன்சக்கரங்களைத் தூக்கி இழுக்கும் வண்டிக்கு போன் செய்தார். அது வரும்வரை வெயிலிலேயே நின்றார். அவர் மனைவி மட்டும், "முகூர்த்தம் போச்சு" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

என் காரைக் கொண்டுபோய் இறக்கிய அவருடைய பட்டறையில் வேறொரு காரின் கியர்பாக்ஸ் பிரித்துக் கிடந்தது. "தேவதானப்பட்டில இருந்து கட்டி இழுத்துட்டு வந்தாக. பாருங்கக்கா" என்றார். உள்ளே பல்சக்கரங்களெல்லாம் நீலம் பாய்ந்து கருகியிருந்தன. தீய்ந்த வாடை.

"இன்ஜின் ஓடுனாத்தான் உள்ள இருக்க பம்பு எண்ணெயத் தள்ளும். கட்டி இழுத்தா சக்கரத்தோட சேந்து பல்லு சுத்தும், எண்ணெ வராது. அதான் முன்சக்கரத்தத் தூக்கி இழுக்கச் சொன்னேன்."

பிறகு, அறுத்து வைத்திருந்த ஓர் இரும்பு உருண்டையைக் காட்டினார். உள்ளே எதிரெதிராக இரண்டு விசிறிகள். ஒன்றை இன்ஜின் சுற்றுகிறது. அது வீசியடிக்கும் எண்ணெய் மற்றதைச் சுற்றி வண்டியைக் கிளப்புகிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லையாம்! அடுத்து ஓர் அலுமினியப் பலகை. அதில் சிக்குக் கோலம் போலக் குட்டிக் குட்டி வாய்க்கால்கள். எதில் எண்ணெய் பாய்கிறதோ, அதற்கேற்ப கியர் மாறும் என்றார். வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். இத்தனை வருஷம் இதன்மேல் உட்கார்ந்து ஊர் சுற்றியிருக்கிறேன், உள்ளே இப்படியொரு உலகம் இருப்பது தெரியாமல்!

கடைசியாக என் வண்டி. கியர்பாக்ஸ் எண்ணெயின் அளவுக் குச்சியை உருவி, ஒரு சொட்டு எண்ணெயை வெள்ளைத் துணியில் விட்டார். குனிந்து பார்த்தேன். கருகல் இல்லை. மாதுளைச் சாறு போலச் சிவப்பு.

"தப்பிச்சிருச்சுக்கா" என்று சிரித்தார். சொல்ல வெட்கமில்லை, அழுதுவிட்டேன். இன்ஜின் நின்றதற்குக் காரணம், அதற்குப் பெட்ரோல் அனுப்பும் சின்னப் பம்ப் பழுதானதுதான். அதை மாற்ற ஆளை ஏற்பாடு செய்துவிட்டு, பந்தியாவது கிடைக்கட்டும் என்று இருவரும் பைக்கில் பறந்தார்கள். வெடுக்கென்று பேசியதற்கு மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு நேரம் தரவில்லை.

இன்றைக்கும் பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி தானாக மெல்ல நகரும்போது, என் இடது காலால் முடியாததைக் கண்ணுக்குத் தெரியாத கொஞ்சம் எண்ணெய் செய்கிறதே என்று உடம்பு சிலிர்க்கிறது. எனக்குக் காலாக இருக்கும் இந்த வண்டிக்காக, முன்பின் தெரியாத ஒரு மனிதர் நடுரோட்டில் குறுக்கே வந்து நின்றாரே என்பதை நினைத்தால் இன்னும் அதிகமாகச் சிலிர்க்கிறது.