அதுக்கு அதோட அம்மா ஜாடை

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைவடையும் இந்நாளில், வேலைகளை விட்டுவிட்டு எங்களோடு வந்து அமர்ந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். உங்களில் பெரியவர்களுக்கு இந்தக் கதை தெரியும். தெரியாத பிள்ளைகளுக்காகவும் சேர்த்து எழுதுகிறேன்.

விக்கிரமங்கலத்தில் விவசாயக் குடும்பம் ஒன்றில் கடைசிப் பெண்ணாகப் பிறந்தவர் அம்மா. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. வேப்பந்தட்டையில் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு, மழையை நம்பிய மக்காச்சோளமும் பருத்தியும்தான் அவர் உலகம். கரு உண்டாகியும் ஒவ்வொரு முறையும் தங்கவில்லை. அந்தத் துயரத்தை அம்மா யாரிடமும் சொல்லி அழுததில்லை.

என்னைப் பெற்றவர்கள் அசாம் மலைப்பகுதியிலிருந்து கல் குவாரி வேலைக்கு வந்தவர்கள். லாரி விபத்தொன்றில் இருவரும் இறந்தபோது நான் நடை பழகிய குழந்தை. சொந்தக்காரர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை என்னை வளர்க்க ஒரு குடும்பம் தேவைப்பட்டது. அம்மாவும் அப்பாவும் முன்வந்தார்கள்.

“அவங்க ஆளுங்க வந்து கேட்டா திருப்பிக் குடுத்திடணும்மா, சம்மதமா?” என்று குழந்தைகள் நல அதிகாரி கேட்டாராம்.

“குடுத்திடறோங்க. அதுவரைக்கும் புள்ள எங்க வூட்டுல சாப்பிட்டுத் தூங்கட்டும்” என்றாராம் அம்மா.

நான் சாப்பிடவும் இல்லை, தூங்கவும் இல்லை. அம்மா பேசியது எனக்குப் புரியவில்லை. நான் எதற்கு அழுகிறேன் என்று அவருக்கும் புரியவில்லை. அப்பாவின் வண்டியில் ஏறிக் குவாரிக் கொட்டகைக்கே போய்விட்டார் அம்மா. அங்கே அசாம்கார மேஸ்திரி ஒருவர் நன்றாகத் தமிழ் பேசுவார். தண்ணீர், பசி, வா, தூங்கு, பயப்படாதே என்பதையெல்லாம் எங்கள் மொழியில் எப்படிச் சொல்வது என்று அவரிடம் கேட்டு மனப்பாடம் செய்தார். என்னைப் பெற்றவள் என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவாள் என்பதையும் விசாரித்தார். கடைசி மூச்சு வரை அந்தச் செல்லப் பெயரில்தான் என்னை அழைத்தார்.

பெரம்பலூர் பஸ்ஸில் என் கண்ணையும் மூக்கையும் பார்த்துவிட்டு யாராவது கேட்பார்கள்: “யாரு புள்ளைங்க இது? உங்க ஜாடையே இல்லியே.”

“எம்புள்ளதாங்க. அதுக்கு அதோட அம்மா ஜாடை” என்பார் அம்மா. கேட்டவர் குழம்பிப்போய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார்.

நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, என்னைப் பெற்றவளின் தம்பியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் வருவதாகச் செய்தி வந்ததும், அம்மா என் துணிமணிகளைத் துவைத்து மடித்து ஒரு பையில் வைத்தார். அப்பா பொழுது விடியும் முன்பே சோளக்காட்டுக்குப் போய்விட்டார்.

மேஸ்திரியோடு மாமா வந்து நின்றார். நான் பயந்து அம்மாவின் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அம்மா குனிந்து, எங்கள் மொழியில், “பயப்படாதே, வா” என்றார். உச்சரிப்பு சரியில்லைதான். ஆனால் அதைக் கேட்ட மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மேஸ்திரியிடம் ஏதோ சொன்னார்.

“என்ன சொல்றாருங்க?”

“கூட்டிட்டுப் போகத்தான் வந்தாராம். இப்ப, புள்ள இங்கயே இருக்கட்டுங்கிறாரு. எங்களை மட்டும் மறக்க வுட்டுடாதீங்கன்னு கேக்கறாரு.”

“மறக்க வுடமாட்டேன்னு சொல்லுங்க. மொதல்ல சாப்புடச் சொல்லுங்க.”

அதன் பிறகுதான் நான் சட்டப்படி தத்துப் பிள்ளையானேன். அம்மா சொன்ன சொல் தவறவில்லை. மாமாவுக்குத் தவறாமல் போன் போட்டுக் கொடுத்துப் பேச வைத்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும், திருச்சியைத் தாண்டாத அவர், முழங்கால் வலியோடு என்னை ரயிலில் அசாமுக்கு அழைத்துப் போனார். மாமா வீட்டில்தான் என்னைப் பெற்றவளின் புகைப்படத்தை முதன்முதலாகப் பார்த்தேன். என் முகமேதான். அம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, “நல்லா வளத்திருக்கேனா, பாத்துச் சொல்லு தாயி” என்றார்.

சென்ற ஆண்டு புற்றுநோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. அப்போது குரும்பலூரிலிருந்து கணவனும் மனைவியுமாக இருவர் பார்க்க வந்தார்கள். ஒரு குழந்தையை, அதைப் பெற்றவளிடம் திரும்பச் சேர்க்கும் காலம் வரும்வரை, வளர்க்கச் சம்மதிக்கலாமா என்று அவர்களுக்குத் தயக்கம்.

“போயிடும்னு பயந்துகிட்டு பாதி மனசோட வளக்காதீங்க. முழுசா வளங்க. கேட்டாக் குடுத்துடுங்க” என்றார் அம்மா.

“அப்புறம் நாங்க என்னம்மா பண்றது?” என்று அந்தப் பெண் கேட்டார்.

“அழுவுங்க. அழுவறதுல என்ன தப்பு?”

அதற்குச் சில நாட்கள் கழித்து, அப்பாவும் நானும் பக்கத்தில் இருக்க, அமைதியாகக் கண் மூடினார்.

அம்மாவுக்கு மருத்துவம் பார்த்தவர்களுக்கும், எங்கள் வீட்டில் உலை வைக்க முடியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், கருமாதிக்கு அசாமிலிருந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த மாமாவுக்கும் எங்கள் நன்றி. குரும்பலூர் தம்பதியர் அந்தக் குழந்தையை வளர்த்து, போன மாதம் பெற்றவளிடமே ஒப்படைத்தார்கள். இன்னும் அழுகை தீராத கண்களோடு இன்று வந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டின் முதல் பந்தியில், அப்பாவுக்குப் பக்கத்தில், அவர்களுக்கு இலை போட்டிருக்கிறோம்.

— மகள்
வேப்பந்தட்டை